பாலாற்றுப் பாலத்தில் திணறிய வண்டி

பிரபு,

நலம் என்றும் நலமறிய ஆவல் என்றும் எழுதிவிட்டு மேலே போகலாம் என்று பார்த்தேன். அந்த வரி வரவில்லை. நீ நலமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பார்க்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று நீயும் கேட்கத்தான் செய்கிறாய், ஆனால் நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டிவிடுகிறாய். போன வாரம் பேசும்போது உன் நைனாவின் வருஷத் திதிக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னாய். வருவதற்குள் காரை விற்றுவிடும்மா, அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை என்றாய். அதே மூச்சில், அங்கே ஒரு புது வண்டி எடுக்கப்போவதாகவும் அதுவும் டர்போதான் என்றும் சொன்னாய். நான் ஊம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். காரை நான் விற்கப்போவதில்லை. ஏன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவைக்காதே, கடைசிவரை படி.

நீ கனடா போவதற்கு முந்தின வருஷம் அந்த வண்டியை வாங்கினாய். எங்களுக்காக என்று எல்லோரிடமும் சொன்னாய். ஷோரூமில் நானும் உன் நைனாவும் நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தோம், எந்த வண்டி என்பதை நீயே பேசி முடித்தாய். மூன்று சிலிண்டர், டர்போ, காலை வைத்தால் பறக்கும் என்றாய். மானாம்பதி நிலத்துக்கும் உத்திரமேரூர் மார்க்கெட்டுக்கும் போய்வரச் சாதாரண வண்டி போதாதா, எங்களுக்கு எதற்குப் பறக்கிற வண்டி என்று கேட்டேன். உன்னைக் கேட்டு யாரும் வண்டி செய்யவில்லை என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தாய். ஓட்டப்போகிறவள் நான். முப்பத்தொரு வருஷம் கிராம நர்ஸாக ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போனவள், ஓய்வு பெற்றபின் ஐம்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். உன் நைனாவுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல், டிராக்டரையும் மொபெட்டையும் தவிர வேறு எதையும் அவர் தொட்டதில்லை. ஆனாலும் அன்றைக்கு சாவியை நீ அவர் கையில்தான் கொடுத்தாய். அதற்கு நான் வருத்தப்படவில்லை. அவர் முகம் அன்றைக்கு அப்படி இருந்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு பொங்கலுக்கு வந்தாய். வண்டி நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியிருந்தது. சர்வீஸ் சென்டரில் ஸ்பார்க் பிளக் மூன்றையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, மூணு திருகாணி மாத்த இவனுங்களுக்கு இவ்ளோவா என்று சொன்னாய். உட்கார்ந்த இடத்திலேயே ஃபோனில் ஆர்டர் போட்டாய். இரண்டு நாளில் பெட்டி வந்தது. காணும் பொங்கல் அன்று காலை வாசலில் வண்டியின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நீயே மாற்றினாய். உன் நைனா பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் கூப்பிட்டு, பையன் என்ஜினையே பிரிக்கிறான் பார் என்று காட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே வடை தட்டிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

உன் நைனா மொபெட் காலத்து மனுஷன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நுனியில் இருக்கும் சின்ன இடைவெளியைப் பழைய பிளேடு நுழைத்துப் பார்த்துத்தான் திரும்ப மாட்டுவார். அந்த ஞாபகத்தில், எடைவெளி சரியா கீதான்னு பாத்தியா பிரபு என்று கேட்டார். அதெல்லாம் கம்பெனியிலேயே வைத்து வரும், இது உங்க மொபெட் இல்ல நைனா என்றாய். இரண்டாவது பிளக்கை மாட்டப்போகும்போது அது கை நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. எடுத்துச் சட்டையில் துடைத்தாய். கீழே விழுந்தது வேண்டாம்பா, பீங்கான் விரிசல் விட்டு இருக்கும் என்று அவர் சொன்னார். ஒன்றும் ஆகாது என்று சொல்லி முறுக்கி இறுக்கினாய். மாட்டி முடித்ததும் வண்டி ஒரே திருகில் கிளம்பியது. ஏரிக்கரை வரை ஒரு சுற்று போய்வந்தீர்கள். அடுத்த ஆறு மாதம் தன் பிள்ளை கையாலேயே கார் ரிப்பேர் பார்த்த கதையை அவர் சொல்லாத டீக்கடை இல்லை.

அடுத்த அறுப்புக்கு முன்னால், நிலத்துக்கு உர மூட்டை நான்கை ஏற்றிக்கொண்டு போனோம். மேட்டில் அழுத்தியபோது வண்டி உதறியது. என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒன்றுமே இல்லை, வெண்ணெய் மாதிரி வந்தது. மறுபடி இரண்டு தடவை அப்படியே ஆனது. விளக்கைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து நீ பேசினாய். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும், வேறு பங்க்கில் டேங்க் நிறையப் போடு, சரியாகிவிடும் என்றாய். உன் நைனா அப்போதே, பாஷா பாய்கிட்ட காட்டிடலாம், பிளக்கு சரியில்லன்னு தோணுது என்றார். பாஷா பாய் உனக்குத் தெரியும், காஞ்சிபுரம் ரோட்டில் ஷெட் வைத்திருப்பவர். நான்தான் வேண்டாம் என்றேன். பிள்ளை இன்ஜினீயர், அவனே சொல்லிவிட்டான், மொபெட் ஓட்டினவர் சொல்வதைக் கேட்டு நான் போய் நிற்பதா என்று கேட்டேன். இந்த வார்த்தையை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். வேறு யாருக்கும் தெரியாது. என் தப்பு இது. நீ எட்டாம் வகுப்புக்குப் போன நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் சொல்லைவிட உன் சொல் பெரிதாகிவிட்டது. அப்படி ஆக்கியது நான்.

அந்த நாளைப் பற்றி நீ என்னிடம் ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. கேட்காததையும் சொல்கிறேன். காலை பத்தரை மணி இருக்கும். அறுவடை மெஷின் வந்திருந்தது, இருவரும் நிலத்தில்தான் இருந்தோம். வரப்பில் நின்றிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். சட்டை நனைந்துவிட்டது, முகம் சாம்பல் பூத்துவிட்டது, இடது தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். மாரடைப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் கைப்பையில் எப்போதும் இருக்கும் ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னேன். இரண்டு ஆட்கள் தூக்கி முன் சீட்டில் சாய்த்தார்கள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். ஈசிஜி எடுத்தார்கள், வேறு மாத்திரைகளும் கொடுத்தார்கள், உடனே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றார் டாக்டர். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவ கேஸோடு காஞ்சிபுரம் போயிருந்தது, திரும்பி வர முக்கால் மணியாகும். செங்கல்பட்டுக்கு எனக்கே முக்கால் மணிதான் ஆகும். காத்திருக்கலாமா, கிளம்பலாமா? என் வேலைக்காலத்தில் இந்தக் கணக்கை எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். நல்ல வண்டி இருந்தால் கிளம்பு என்றுதான் யாருக்கும் சொல்லியிருப்பேன். கிளம்பினேன். கூட ஆள் ஏற்றிக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

புக்கத்துறை கூட்ரோடு வருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. நெல் லாரி ஒன்றைத் தாண்டுவதற்காக அழுத்தினேன். வண்டி முன்னால் பாய்வதற்குப் பதிலாக உதறிக்கொண்டு பின்வாங்கியது. மஞ்சள் விளக்கு துடித்தது. எதிரே பஸ், நான் மறுபடி லாரிக்குப் பின்னால் ஒடுங்கினேன். அதற்குப் பிறகு நாற்பதுக்கு மேல் போகவே இல்லை. அணைத்துத் திரும்பக் கிளப்பினால் கொஞ்ச தூரம் ஓடும், அழுத்தினால் மறுபடி உதறும். ஹைவேயில் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் சீறிக்கொண்டு போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கையைக் காட்டினேன். யாரும் நிற்கவில்லை. பாலாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி கிட்டத்தட்ட நின்றேவிட்டது. முதல் கியரில் போட்டு, மாடு இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு ஏறினேன். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். நான் வாய்விட்டுத் திட்டினேன், யாரைத் திட்டினேன் என்று ஞாபகமில்லை. உன் நைனா கண்ணைத் திறந்தார். நிதானமாகத்தான் பேசினார்.

"பிளக்காதான் இருக்கும்மே. பையனாண்ட சொல்லிக்கினு இருக்காத. தூரமா கீறான், தாங்க மாட்டான்."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. செங்கல்பட்டு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே கொண்டுபோனார்கள். இருபது நிமிஷம் கழித்து ஒரு சின்ன வயது டாக்டர் வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் முன்னாலே வந்திருக்கலாமேம்மா என்றார். அவர்மேல் தப்பு ஒன்றும் இல்லை. அதே வார்த்தையை நானும் வேறு வீடுகளில் வேறு பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நீ மூன்றாம் நாள் காலை வந்து இறங்கினாய். பந்தலில் எல்லோரும் இருந்தார்கள். தென்னேரி அத்தை, மாமா, உன் நைனாவின் பங்காளிகள், என்னோடு வேலை பார்த்த நர்ஸ்கள். வந்தவுடன் அவர் காலில் விழுந்து அழுதாய். நானும் அழுதுகொண்டு உன் தோளைத் தொட்டேன். நீ என் கையைத் தட்டிவிட்டு எழுந்து சொன்னாய்.

"நர்ஸு வேலை பாத்து இன்னாமா பிரயோஜனம்? பக்கத்துலயே இருந்துக்கினு நைனாவ வுட்டுட்டியே."

வண்டி நாற்பதுக்கு மேல் இழுக்கவில்லைடா என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்டது. "நூத்தியிருபதுல போற வண்டிமா அது. நீ நாப்பதுல ஓட்டிட்டு வண்டி மேல பழி போடாத" என்றாய். அதன்பிறகு யாரும் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அடுத்த நாள் மாமா செங்கல்பட்டு போய் அங்கே நிறுத்தியிருந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் எப்போதும் நிதானமாக ஓட்டுகிறவர், ஆளும் இல்லை, பாரமும் இல்லை, அது ஒரு சத்தமும் போடாமல் வந்து வாசலில் நின்றது. வண்டி நல்லாத்தான் கீது என்று சாவியை உன்னிடம் கொடுத்தார். அதோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நீ பதினாறாம் நாள் முடித்துக் கிளம்பிப் போனாய். நான் இங்கே இருந்தேன்.

இருந்தேன் என்பது ஒரு வார்த்தைதான். அத்தை வருகிறபோதெல்லாம், எங்க அண்ணன் ஆம்புலன்ஸ்ல போயிருந்தா பொழச்சிருப்பாரு என்று என்னைப் பார்க்காமல் சொல்வாள். தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முன்பெல்லாம் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இப்போது தட்டுவதில்லை. ஒருநாள் எதிர்வீட்டுக் குழந்தைக்கு வலிப்பு வந்தது. நான் ஓடிப் போனேன். அதன் அம்மா குழந்தையை என் கையில் கொடுக்கத் தயங்கினாள். ஒரு நொடிதான். முப்பத்தொரு வருஷம் இந்த ஊர்க் குழந்தைகளைப் பிடித்து ஊசி போட்ட கையை நீட்டியபடி நான் நின்றேன். உன்னிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. காரைத் தொடவும் இல்லை. துணி போட்டு மூடி வைத்திருந்தேன். பாஷா பாயிடம் காட்டியிருக்கலாம், பத்து மாதம் காட்டவில்லை. பிளக்குதான் என்று உன் நைனா சொன்னது பொய்யாகிவிட்டால் நான்தான் கொன்றேன் என்று ஆகிவிடும். உண்மையாகிவிட்டால் நீ. இரண்டில் எதையும் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

நீ விற்கச் சொன்ன மறுநாள்தான் துணியை எடுத்தேன். ஓடாத வண்டியை யார் வாங்குவார்கள், பார்த்துக் கொடுங்கள் என்று பாஷா பாயை வீட்டுக்கே வரச் சொன்னேன். புது பேட்டரி போட்டுக் கிளப்பினார். தெருமுனை வரை ஒருமுறை அழுத்தி ஓட்டினார். திரும்பி வந்து ஒன்றும் கேட்காமல் மூடியைத் திறந்து மூன்று பிளக்கையும் கழற்றினார். அவற்றை வாசல்படியில் வரிசையாக வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து அதன்மேல் அச்சடித்திருந்த எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். எழுத்து அழிந்தது.

"பேரு சரியா கீது, நம்பரும் சரியா கீது. சரக்கு மட்டும் டூப்ளிகேட்டுமா. எவன் போட்டான் இத?"

மற்றதையும் காட்டினார். நல்ல பிளக்கின் நுனியில் ஊசி மாதிரி மெல்லிய கம்பி ஒன்று இருக்குமாம். இதில் அது மேல்பூச்சுதான், உருகித் தேய்ந்துபோயிருந்தது. நடுவில் இருந்ததின் வெள்ளைப் பீங்கானில் மயிர் அளவுக்கு ஒரு விரிசல், அதன் ஓரமாகக் கருப்பாகப் பொறி ஓடிய தடம். இடைவெளியைத் தகடு நுழைத்து அளந்தார், ஒரு மில்லிமீட்டருக்கு மேலே இருந்தது. இந்த வண்டிக்கு முக்கால் மில்லிக்கு மேல் போகக்கூடாது என்றார். ஏன் என்று கேட்டேன். டர்போ வண்டியில் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறார்கள், அந்த அழுத்தத்தில் பொறி அந்த இடைவெளியைத் தாண்ட வேண்டும், அகலமாக இருந்தால் தாண்டாமல் செத்துவிடும் என்றார். "மெதுவா போனா தெரியாதுமா. ஏத்தத்துல, பாரத்துல, ஓவர்டேக்குல அழுத்தினீங்கன்னா கால வாரிடும்" என்றார். யார் போட்டது என்று மறுபடி கேட்டார். தெரியாது, எந்தக் கடையிலோ போட்டது என்றேன். உனக்காக நான் சொன்ன பொய்களில் அது எத்தனையாவது என்று தெரியவில்லை.

நீ புது டர்போ வாங்கப்போகிறாய், அதனால் இதையும் கேட்டுக்கொள். வண்டியோடு வரும் புத்தகத்தில் பிளக்கின் நம்பர் இருக்கும், எவ்வளவு இடைவெளி என்பதும் இருக்கும். அதில் வருகிற ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அர்த்தம் உண்டு. சூட்டை எவ்வளவு சீக்கிரம் கடத்திவிடும் என்பதையும் அந்த நம்பர்தான் சொல்கிறது. டர்போ என்ஜினுக்குள் வெக்கை அதிகம், சூட்டைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிற பிளக்கைப் போட்டால் பொறி வருவதற்கு முன்னாலேயே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடுமாம். நம்பரில் ஒன்று கூட்டிக் குறைத்து வாங்கக் கூடாது. நம்பிக்கையான கவுண்டரில், ஆள் முகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். நான் காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் போய், கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சேஸிஸ் நம்பரைச் சொல்லி வாங்கிவந்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் திரும்பினேன், கீழே விழுந்துவிடக் கூடாது என்று.

மாட்டும் வேலையை நானே செய்கிறேன் என்றேன். பாஷா பாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார். காலையில், என்ஜின் முழுக்க ஆறியிருந்தபோது ஆரம்பித்தோம். சூட்டோடு திருகினால் அலுமினியத்தில் மரை போய்விடும் என்றார். ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே தொப்பி மாதிரி, பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற ஒரு காயில், அதன் வயரைக் கழற்றி, போல்டை எடுத்து, ஆட்டி ஆட்டி உருவ வேண்டும். குழிக்குள் கிடக்கும் மண்ணைக் காற்றடித்து ஊதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது என்ஜினுக்குள் விழும். புதுசை அளந்து பார்த்தேன். மூன்றும் சரியாக இருந்தன, ஆனாலும் அளந்தேன். ரப்பர் குழாயில் செருகி, கையாலேயே, எதிர்ப்பு இல்லாமல் மரை பிடிக்கிறவரை திருப்பினேன். நரம்பு தேடி ஊசி போடுகிற அதே கைதான், பாஷா பாய் ஒருமுறைகூடக் குறுக்கே வரவில்லை. கடைசியில் அளவு வைத்த ரெஞ்ச் கொடுத்தார். டிக் என்று சத்தம் வந்ததும் நிறுத்தணும், அதற்குமேல் உங்கள் பலத்தைக் காட்டக் கூடாது என்றார். மூன்று முறை டிக் என்றது. மொத்தம் முக்கால் மணி நேர வேலை.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு உத்திரமேரூர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தனியாகக் கிளம்பினேன். புக்கத்துறைக்கு முன்னால் ஒரு லாரி வந்தது, காலை வைத்தேன். நீ சொன்னது சரிதான், பறந்தது. பாலாற்றுப் பாலத்தில் ஏறியதே தெரியவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பத்துமூன்று நிமிஷம். வண்டியை விட்டு இறங்கவில்லை. செக்யூரிட்டி வந்து, கேஸ் இருக்காமா என்று கேட்டார். இல்லை என்றேன். இல்லாவிட்டால் இங்கே நிறுத்தக் கூடாது என்றார். திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாற்பத்துமூன்று நிமிஷத்தில் போயிருந்தால் உன் நைனா பிழைத்திருப்பாரா? வேலை தெரிந்தவளாகச் சொல்கிறேன், தெரியாது. சில பேர் பிழைக்கிறார்கள், சில பேர் வாசலிலேயே போகிறார்கள். நீ கொன்றாய் என்று நான் எழுதவில்லை. போலிப் பெட்டியைப் பார்த்து ஏமாறாதவர் யார்? ஆனால் அளந்து பார் என்று அவர் சொன்னார், கீழே விழுந்ததைப் போடாதே என்று சொன்னார், பிளக்கு சரியில்லை என்று சொன்னார். முதல் இரண்டையும் நீ கேட்கவில்லை, மூன்றாவதை நான் கேட்கவில்லை. உன்னிடம் சொல்லாதே என்றும் சொன்னார், இப்போது அதையும் நான் கேட்கவில்லை. பத்து மாதம் கேட்டேன், அந்தப் பத்து மாதமும் அவருடைய சாவை நான் ஒருத்தியே சுமந்தேன். நீ தாங்க மாட்டாய் என்று அவர் நினைத்தார். நான் தாங்குவேனா என்று அவருக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை.

திதிக்கு அதே ஆட்கள்தான் வருவார்கள். தென்னேரி அத்தை வருவாள், மாமா வருவார், எதிர்வீட்டுக்காரியும் சாப்பிட வருவாள். அவர்கள் முன்னால் நீ வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வண்டி சரியில்லாமல்தான் இருந்தது, அந்தப் பிளக்கை மாட்டியது நான், அம்மா சொன்னபோது தட்டிக்கழித்ததும் நான், அவள் செய்ய வேண்டியதை எல்லாம் சரியாகத்தான் செய்தாள் என்று. காலில் விழ வேண்டாம், அழவும் வேண்டாம். என்னை அவமானப்படுத்தினபோது எவ்வளவு சத்தமாகப் பேசினாயோ அவ்வளவு சத்தம் போதும். உன்னால் முடியாவிட்டால், நான் எழுந்து சொல்லிவிடுவேனோ என்று பயப்படாதே. சொல்ல மாட்டேன். உனக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுவேன், அந்தக் காரிலேயே ஏர்போர்ட்டில் கொண்டுவந்து விடுவேன். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை விசாவுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னாயே, அந்தக் காகிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடு. பேத்தியைத் தூக்கிக்கொள்ள எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே. என்னைப் பற்றி ஒரு பொய்யை நம்பிக்கொண்டிருக்கிற வீட்டில் என்னால் சோறு தின்ன முடியாது.

கூரியரில் அனுப்புகிறேன், நீ விமானம் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னால் வந்துவிடும் என்றார்கள். படித்ததும் ஃபோன் பண்ணாதே. நீ அழுவாய், ஏதாவது காரணம் சொல்வாய், உன் குரலைக் கேட்டால் நான் நம்பிவிடுவேன். அப்படித்தான் இத்தனை வருஷமும் நம்பினேன். சொல்ல வேண்டியதை வந்து சொல்.

அம்மா